கூட்டுறவுக்காரர்

எண்பத்தெட்டு, பங்குனி. மீனம்பாக்கத்தில்
கம்பளிக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டு
வியர்க்க வியர்க்க இறங்கினார்
வெனியமீன் அர்க்காதியெவிச் சொலோதுகின்.
மொழிபெயர்க்கப் போனவள் நான்:
கஸ்தூரி ரங்கா சாலையில் மூன்று வருட மாலை வகுப்பு,
நாளைக்கு அறுபது ரூபாய், மதியச் சாப்பாடு அவர் செலவு.

பத்மாசனி என்றேன். வாயில் நுழையவில்லை.
சான்யா, என்றார்.
அலெக்சாந்தர்களைக் கூப்பிடும் பேர் என்று பிறகுதான் தெரிந்தது.
வீட்டில் கோபம் வந்தால் சனியனே என்பார்கள்,
அதற்கு இது தேவலை.

பெரியமேட்டில், பதனிட்ட தோலின் வாடை
புடவைக்குள் ஏறி உட்காரும் சந்தில்
நிசாருத்தீன் சாகிப்பின் மண்டி.
"இவர் யாரு, என்ன பண்றார்?"
எனக்குச் சொல் இல்லை.
என் பாடப்புத்தகத்தில் முதலாளி என்றால் தொப்பி வைத்த குண்டன்;
லாபத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குற்றம் நின்றிருக்கும்.
மாஸ்கோவில் ஏதோ கட்டடத்தின் நிலவறையில்
ஏழு பேர் செத்த டெலிவிஷன்களுக்கு உயிர் கொடுக்கிறார்கள்,
சட்டம் அதற்கு வைத்த பேர் கூட்டுறவு.
கூட்டுறவு நடத்துகிறார், என்றேன்.
சாகிப்பின் முகம் மலர்ந்தது:
"அப்ப பாமாயில் ஒழுங்கா வருதா அங்க?"

மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்ய.
சொலோதுகின் மேஜையில் கை ஊன்றிச் சிரித்தார்,
அந்தச் சிரிப்பில் இறங்கியது விலை,
ஜோடிக்கு ஒன்றே கால் ரூபாய்.
ஷூவின் மேல்பாகம் மட்டும், நாற்பதாயிரம் ஜோடி.
அடிப்பாகத்தை அங்கே ஒட்டிக்கொள்வார்களாம்.

ராத்திரி பர்மா பஜாரில்
கவிழ்த்த குடைக்குள் ஜப்பான் கால்குலேட்டர் விற்றவனை
அரை மணி நேரம் நின்று பார்த்தார்.
"இவனை எந்தப் பிரிவில் கைது செய்வார்கள்?"
மாமூல் கொடுத்தால் செய்யமாட்டார்கள்.
அந்தச் சொல்லை மட்டும் அப்படியே குறித்துக்கொண்டார்.

தொண்ணூறில் கடிதம்: தேர்தலில் நிற்கிறேன்,
உங்கள் ஊரில் எப்படி ஜெயிக்கிறார்கள்?
கிண்டலாகத்தான் எழுதினேன்,
சுவரை முன்கூட்டியே பிடித்து
ஓரத்தில் வருஷமும் கட்சியும் எழுதி வைப்பதை.
மனுஷன் செய்தே விட்டார்.
பனியில் பெயின்ட் காயாமல் வழிந்து
பேரின் கடைசி மூன்று எழுத்து கரைந்துபோனதாம்.
அதைப் பார்க்கவே கூட்டம் வந்ததாம். ஜெயித்தார்.

முதல் பேச்சை டைப் அடித்து அனுப்பியிருந்தார்.
"நான் பணக்காரன். நான் திருடவில்லை.
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல
இந்த அவையில் எனக்கு முன் ஆளில்லை."
தமிழில் போட்டுப் பார்த்தேன்.
இங்கேயும் யாரும் நம்பமாட்டார்கள் போலிருந்தது.

பிறகு ரூபாய் ரூபிள் கணக்கு நின்றுபோனது.
துறைமுகத்தில் சாகிப்பின் இரண்டு கன்டெய்னர்,
ஐப்பசி மழை, பூஞ்சை.
மூன்று தந்தி கொடுத்தேன். அவை முத்திரையோடு பதில்:
"பொறு சான்யா. சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம்."

தொண்ணூற்று மூன்றில் தூர்தர்ஷன் செய்தியில்
அந்த வெள்ளைக் கட்டடம் கரிந்து நின்றபோது
எந்த ஜன்னல் அவருடையது என்று தேடினேன்.
அதற்குள் வானிலை வந்துவிட்டது:
கடலோர மாவட்டங்களில் மழை பெய்யக்கூடும்.

அப்புறம் சைப்ரஸ். திரும்ப மாஸ்கோ. மறுபடி வேட்பாளர்,
மறுபடி. ஒன்றரை சதவீதம்.
புத்தாண்டு அட்டைகள் மட்டும் சில வருஷம் வந்தன,
சான்யாவுக்கு.

போன மாதம், ஒரு ரஷ்யப் பத்திரிகையின் கீழ்மூலையில் நாலு வரி.
மண்டிக்குப் போன் செய்தேன். மகன் எடுத்தார்.
தொழிலதிபர் என்றேன், பிடிபடவில்லை.
எம்.பி.யாக இருந்தவர் என்றேன்.
மாஸ்கோக்காரர், சிரிப்பாரே.

"ஓ, அத்தா சொல்வாங்களே, அந்தப் பாமாயில்காரரா?
பதினோரு லட்சம் நிக்குதே அவர் பேர்ல."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவரே சொன்னார்:
"கோடவுன்ல ஒரு பெட்டி இன்னும் கிடக்கு.
வேணும்னா ஒரு ஜோடி எடுத்துக்கங்க.
அடிதான் கிடையாது."